வாசகர் கேள்வி–பதில்: கிறிஸ்துமஸ் பாட்டு, பழைய கேசட், பரணில் இருக்கும் பெட்டி

கிறிஸ்துமஸ் நெருங்கும்போது வரும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வருகின்றன: சின்ன வயதில் கேட்டதையும் பாடியதையும் எப்படிக் கெடாமல் வைத்துக்கொள்வது, அடுத்த தலைமுறைக்கு எப்படிக் கொடுப்பது. இசை, ஒலிப்பதிவு, பழம்பொருள் பராமரிப்பு ஆகியவற்றில் பழகியவர்கள் பதில் சொல்கிறார்கள்.

கேள்வி: முப்பத்தைந்து வருடங்களுக்கு முன் கிறிஸ்துமஸ் இரவில் வீட்டில் எல்லோரும் பாடியதை அப்பா கேசட்டில் பதிவு செய்திருந்தார். பாட்டியின் குரல் அதில் மட்டும்தான் இருக்கிறது. கம்ப்யூட்டருக்கு மாற்ற ஆசை. போட்டால் நாடா அறுந்துவிடுமோ என்று தொடவே பயமாக இருக்கிறது.

பயப்படுவது நல்லதுதான். இப்படிப்பட்ட கேசட்டை முதலில் பிளேயரில் போடக் கூடாது, கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். பதிவு செய்த பக்கம் உங்களைப் பார்த்திருக்க, மேல் விளிம்பின் இடது ஓரத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். அதை உடைத்துவிடுங்கள். தவறி ரெக்கார்ட் பொத்தானில் கை பட்டாலும் இனி அழியாது. மறுபக்கத்துக்கும் இதேபோல் செய்யுங்கள்.

அடுத்து, நாடா வெளியே தெரியும் கீழ்ப்பக்கத்தைப் பாருங்கள். நடுவில், மெல்லிய உலோகத் தகட்டின் மேல் ஒரு சின்ன கம்பளித் துண்டு ஒட்டியிருக்க வேண்டும். நாடாவிலிருந்து ஒலியைப் படிக்கும் ஹெட்டோடு நாடாவை அழுத்திப் பிடிப்பது அதுதான். பழைய கேசட்டில் பசை காய்ந்து அது உதிர்ந்திருக்கும். அப்படியே போட்டால் சத்தம் வந்து வந்து போகும். பாட்டியின் குரல் கெட்டுவிட்டது என்று நினைத்துவிடுவீர்கள். குரலுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஐந்து திருகாணி உள்ள காலி கேசட் கூடு ஒன்றைத் திறந்து, நாடாச் சுருள் இரண்டையும் அப்படியே அதற்குள் மாற்றி வைத்தால் போதும். நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பொடி போலப் பூஞ்சை தெரிந்தால் மட்டும் நீங்களாக எதுவும் செய்யாதீர்கள். அதை ஓடவிட்டால் பிளேயரும் கெடும், அடுத்து போடும் கேசட்டுக்கும் பரவும். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

கேசட் சரியாக இருந்தால், ஆறுபட்டைப் பென்சிலை ஓட்டையில் விட்டு நாலைந்து சுற்று சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் கேசட்டைத் தட்டையாகப் பிடித்து உள்ளங்கையில் இரண்டு மூன்று தட்டு தட்டுங்கள்; ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் சுற்றுகள் விடும்.

இப்போது பிளேயர். ஹெட்டையும் ரப்பர் உருளையையும் அதை ஒட்டிச் சுழலும் மெல்லிய உலோகத் தண்டையும் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். பஞ்சில் பழுப்பு நிறம் வருவது நின்றால் சுத்தமாகிவிட்டது என்று அர்த்தம். காய்ந்ததும், போனாலும் பரவாயில்லை என்கிற வேறு கேசட் ஒன்றை முழுதாக ஓடவிட்டுப் பாருங்கள். பிளேயருக்குள் இருக்கும் ரப்பர் பெல்ட் தளர்ந்திருந்தால் பாட்டு இழுத்து இழுத்துக் கேட்கும், சுருதி இறங்கும். பெல்ட்டை மாற்றிய பிறகுதான் பாட்டியின் கேசட்டைப் போட வேண்டும். போட்டதும் ஒரு முறை கடைசி வரை ஓட்டி, திரும்பச் சுற்றிவிட்டுப் பிறகு பிளே செய்யுங்கள்.

இணைப்பில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். லேப்டாப்பின் மைக் துளையில் நேராகச் செருகினால், மிக மெல்லிய சிக்னலைப் பெரிதாக்குவதற்கென்று உள்ள அந்தத் துளை, ஏற்கெனவே பலமாக வரும் சத்தத்தையும் பெரிதாக்கிக் கரகரப்பாக்கிவிடும். ஸ்டீரியோ லைன்-இன் உள்ள சின்ன யூஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்கி, பிளேயரின் லைன்-அவுட்டிலிருந்து இணையுங்கள். லைன்-அவுட் இல்லாவிட்டால் ஹெட்போன் துளை போதும், வால்யூமைப் பாதியில் வையுங்கள். எல்லோரும் சேர்ந்து உச்சத்தில் பாடும் இடத்தை முதலில் கேட்டு, அங்கே மீட்டர் மைனஸ் 6 டெசிபெலைத் தாண்டாதபடி அளவை வையுங்கள். இரைச்சலைக் குறைக்கும் டால்பி பொத்தான் இருந்தால், டால்பியோடு பதிவு செய்ததாகக் கேசட்டில் குறித்திருந்தாலொழிய அதை அணைத்தே வையுங்கள்.

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பாகச் சேமியுங்கள். அறுபது நிமிடக் கேசட்டின் ஒரு பக்கம் அரை ஜிபிக்குச் சற்று மேல் வரும். அந்த மூலக் கோப்பில் கை வைக்காதீர்கள். இரைச்சலைக் குறைப்பது, வெட்டுவது எல்லாம் நகலில் மட்டும். நகலிலும் அடக்கி வாசியுங்கள். இரைச்சல் நீக்கும் மென்பொருளை முழு வேகத்தில் விட்டால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல ஆகிவிடும். பாட்டுக்கு இடையே வரும் இருமல், நாற்காலி நகரும் சத்தம், "அடுத்தது எந்தப் பாட்டு?" என்று யாரோ கேட்பது, இவற்றை வெட்டவே வெட்டாதீர்கள். இன்னும் இருபது வருடம் கழித்து உங்கள் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்கப் போவது அந்த இடங்களைத்தான்.

கேள்வி: கேசட்டை மாற்றிவிட்டேன். ஆனால் சத்தம் போர்வைக்குள்ளிருந்து வருவது போல மந்தமாக இருக்கிறது. இன்னொன்று, ஒவ்வொரு பாட்டும் தொடங்கும் முன்பே அதே பாட்டு மிக மெல்லியதாகக் கேட்கிறது. இது எப்படி?

மந்தமாக இருப்பதற்குப் பெரும்பாலும் ஹெட்டின் சாய்வே காரணம். பதிவு செய்த மெஷினின் ஹெட்டும் உங்கள் மெஷினின் ஹெட்டும் ஒரே கோணத்தில் நிற்காவிட்டால் உச்ச ஒலிகள்தான் முதலில் போகும். ஹெட்டின் ஒரு பக்கத்தில், ஸ்பிரிங் வைத்த சின்னத் திருகாணி ஒன்று இருக்கும். அது இப்போது நிற்கும் நிலையைப் பேனாவால் குறித்துக்கொண்டு, கேசட் ஓடும்போதே மெல்லத் திருப்புங்கள். அரைக்கால் சுற்று கூடத் தேவைப்படாது. 'ச', 'ஸ' ஒலிகள் பளிச்சென்று கேட்கும் இடத்தில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து பதிவு செய்யுங்கள். மென்பொருளில் ட்ரெபிளை, அதாவது உச்ச ஒலிகளை, கூட்டிச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள், இரைச்சல்தான் கூடும். மற்ற கேசட்டுகளைப் போடும் முன் திருகாணியைக் குறித்த இடத்துக்கே கொண்டுவந்துவிடுங்கள்.

முன்கூட்டியே கேட்கும் பாட்டு: வருடக்கணக்காகச் சுற்றிய நிலையிலேயே இருந்த நாடாவில், ஒரு சுற்றின் காந்தப் பதிவு அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் அடுத்த சுற்றிலும் லேசாகப் பதிந்துவிடும். பாட்டுக்கு முன்னால் அமைதி இருப்பதால் அங்கே அது காதில் விழுகிறது. பிளே செய்யும் முன் இரண்டு மூன்று முறை முழுதாக முன்னும் பின்னும் சுற்றினால் குறையும்.

கேள்வி: ஒவ்வொரு வருடமும் வீட்டில் 'சைலண்ட் நைட்' பாடுவோம். நன்றாகத்தான் ஆரம்பிக்கிறோம், ஆனால் கடைசியில் உச்சத்துக்குப் போகும் இடத்தில் எல்லோருக்கும் தொண்டை அடைத்துவிடுகிறது. யாருக்கும் பாடத் தெரியாது என்று விட்டுவிடலாமா?

விட்டுவிடாதீர்கள். பாடத் தெரியாதது காரணமில்லை, தொடங்கும் இடம்தான் காரணம். சுரமாகச் சொன்னால் அந்தப் பாட்டு சங்கராபரண ராகத்தின் சுரங்களில் 'ப த ப க' என்று நடுவில் ஆரம்பிக்கிறது. அங்கிருந்து மேல் ஸ்தாயி மத்தியமம் ('ம') வரை ஏறி, முடியும்போது கீழ் ஷட்ஜத்தில் ('ஸ') வந்து உட்காருகிறது. ஒரு ஸ்தாயிக்கும் மேல் இன்னொரு நாலு சுரம் தேவை. ஆரம்ப சுரம் நடுவில் இருப்பதால், யாராவது தன் குரலுக்குச் சுகமான இடத்தில் எடுத்துக் கொடுக்கிறார். அது எல்லோருக்கும் வசதியாகவே இருக்கிறது, உச்சம் வரும்வரை.

அதனால் முதல் சுரத்தை யோசிக்காதீர்கள், கடைசிச் சுரத்தை யோசியுங்கள். எடுத்துக் கொடுப்பவர் தன்னால் தெளிவாகப் பாட முடிந்த மிகத் தாழ்ந்த சுரத்தைக் கண்டுபிடித்து, அதை 'ஸ' என்று வைத்துக்கொண்டு, 'ஸ க ப' என்று மெல்ல ஏறி, அந்தப் 'ப'வில் பாட்டைத் தொடங்கட்டும். கீபோர்டு இருந்தால் ஆறு கட்டை அல்லது ஆறரைக் கட்டை, அதாவது ஏ அல்லது பி ஃப்ளாட், கலவையான குடும்பத்துக்கு ஒத்துவரும். ஆண்கள் ஒரு ஸ்தாயி கீழே பாடிக்கொள்வார்கள். பாட்டுப் புத்தகத்தில் ஒன்றாம் கட்டையில், அதாவது சி-யில், அச்சிட்டிருந்தால் அதை அப்படியே எடுக்காதீர்கள். பயிற்சி இல்லாத குரலுக்கு உச்சம் எட்டாது.

வேகமும் முக்கியம். பக்தியாக இருக்க வேண்டும் என்று இழுத்து இழுத்துப் பாடினால் வரி முடியும் முன் மூச்சு தீர்ந்துவிடும். மூச்சு தீர்ந்தால் சுருதி இறங்கும், இறங்கிய சுருதியில் கடைசி 'ஸ' யாருக்கும் கேட்காது. இது ஆறெட்டுத் தாளத்துப் பாட்டு. மும்மூன்றாக எண்ணும் திஸ்ர நடையில், ஊஞ்சலின் ஆட்டம் போல, ஒரு பாரை, அதாவது ஒரு தாளச் சுற்றை, இரண்டு அசைவாக எண்ணிப் பாடிப் பாருங்கள். தானாக நகரும். ஒவ்வொரு சரணத்துக்கு முன்பும் சுருதியை ஒரு முறை கொடுத்துவிடுங்கள்.

'ஜாய் டு த வேர்ல்டு' பாட்டில் சிக்கல் தலைகீழ். அது மேல் ஷட்ஜத்தில் தொடங்கி ஒரே மூச்சில் கீழ் ஷட்ஜம் வரை இறங்கும். சுகமான இடத்தில் ஆரம்பித்தால் முதல் வரியிலேயே குரல் தரை தட்டும். அதைக் கொஞ்சம் உயரமாகத் தோன்றும் இடத்திலேயே தைரியமாகத் தொடங்க வேண்டும். இரண்டு கட்டை நல்ல இடம்.

கேள்வி: ஆர்கன் பெட்டியை எலி கடித்துவிட்டதால்தான் 'சைலண்ட் நைட்' பிறந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறேன். உண்மையா?

எலிக்கு ஆதாரம் இல்லை. பாட்டை எழுதியவர் யோசஃப் மோர் என்ற குருவானவர், 1816இல். இரண்டு வருடம் கழித்து, 1818 டிசம்பர் 24 அன்று, ஆஸ்திரியாவின் ஆர்ன்ஸ்டோர்ஃப் ஊரில் ஆசிரியராகவும் பக்கத்து ஓபெர்ன்டோர்ஃபில் ஆர்கன் வாசிப்பவராகவும் இருந்த ஃபிரான்ஸ் சேவியர் குருபரிடம் அதைக் கொடுத்து, இரண்டு குரலுக்கும் கிட்டாருக்கும் இசை அமைத்துத் தரச் சொன்னார். அன்றிரவே பாடினார்கள். குருபர் 1854இல் தன் கைப்பட எழுதிவைத்த குறிப்பில் எலியும் இல்லை, ஆர்கன் கெட்டதும் இல்லை. காலையில் கவிதையாக இருந்தது இரவில் பாட்டாகிவிட்டது என்பதே போதுமான அதிசயம். அதையே சொல்லுங்கள்.

கேள்வி: ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு முதலில் எந்தப் பாட்டைச் சொல்லிக் கொடுப்பது?

'ஜிங்கிள் பெல்ஸ்' பல்லவி. 'ஸ' முதல் 'ப' வரை ஐந்து சுரத்துக்குள் முடிந்துவிடும். சரணத்தை இந்த வருடம் விட்டுவிடுங்கள்.

கேள்வி: அண்ணன், அக்கா எல்லோரும் வெவ்வேறு நாட்டில். வீடியோ காலில் சேர்ந்து பாட முயன்றோம். ஒரே குழப்பம். வழி உண்டா?

ஒரே நேரத்தில் சேர்ந்து பாட முடியாது. சத்தம் போய்ச் சேரத் தாமதமாகிறது. ஒருவர் மற்றவரின் தாமதித்த குரலைக் கேட்டு வேகத்தைக் குறைக்க, அதைக் கேட்டு இவர் குறைக்க, பாட்டு நின்றே போகும். இரண்டு வழி இருக்கிறது. உடனடி வழி: ஒருவர் மட்டும் மைக்கோடு பாட, மற்றவர்கள் மைக்கை அணைத்துவிட்டுக் கூடப் பாடுவது. சரணத்துக்கு ஒருவராக மாறிக்கொள்ளலாம்.

நல்ல வழி, பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பே தொடங்குவது. சுருதியும் தாளமும் சரியாக உள்ளவர் கீபோர்டோடு பாடி ஒரு வழிகாட்டிப் பதிவு அனுப்பட்டும். பாட்டுக்கு முன் "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணி, நான்காவதில் ஒரு கை தட்டுவது அவசியம். மற்றவர்கள் ஒரு போனில் ஹெட்போன் மாட்டி அதைக் கேட்டுக்கொண்டே, இன்னொரு போனில் தங்கள் குரலை மட்டும் பதிவு செய்ய வேண்டும். அவர்களும் அந்த நான்காவதில் சரியாகத் தட்ட வேண்டும். ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் எல்லாப் பதிவையும் அடுக்கி, கை தட்டிய கூர்முனைகளை ஒரே கோட்டில் வைத்தால் பாட்டு தானாகச் சேர்ந்துகொள்ளும். ஹெட்போன் இல்லாமல் ஒருவர் பதிவு செய்தால் போதும், வழிகாட்டிக் குரல் கசிந்து எல்லாம் கலங்கிவிடும். இதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்.

கேள்வி: தாத்தாவுக்கு 84 வயது. அவருடைய சின்ன வயது கிறிஸ்துமஸைப் பதிவு செய்ய உட்கார்ந்தால், "அப்போ எல்லாம் ரொம்ப நல்லா இருக்கும்பா" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்.

கேள்வி பெரிதாக இருந்தால் பதில் இப்படித்தான் சுருங்கும். "சின்ன வயசுல கிறிஸ்துமஸ் எப்படித் தாத்தா இருக்கும்?" என்பதற்குப் பதிலாகக் கைக்கு அகப்படுகிற ஒன்றைக் கேளுங்கள். "கோயிலுக்கு எப்படிப் போவீங்க, நடந்தா? இருட்டுல யாரு முன்னாடி போவாங்க? கையில விளக்கு இருந்துச்சா?" "புதுச் சட்டை யாரு தைச்சாங்க? அளவு பெருசா இருக்குமா?" "பாட்டு யாரு எடுத்துக் கொடுப்பாங்க, அவங்க குரல் எப்படி?" இடம், ஆள், பொருள், வாசனை என்று கேட்டால் நினைவு வரும். பழைய படம் ஒன்றையோ பாட்டுப் புத்தகத்தையோ கையில் கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது. தெரிந்த பாட்டின் முதல் வரியை நீங்கள் பாடுங்கள், அவர் முடிக்கட்டும். பேச்சில் வராதது பாட்டில் வரும்.

அவர் நிறுத்தினால் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். நல்ல பகுதி பெரும்பாலும் அந்த ஐந்துக்குப் பிறகுதான் வருகிறது. வருடத்தைத் தப்பாகச் சொன்னால் திருத்த வேண்டாம், அது பிறகு பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம். முக்கால் மணி நேரத்துக்கு மேல் உட்கார வைக்காதீர்கள்.

பதிவுக்குப் போனே போதும். ஏரோபிளேன் மோடில் போட்டு, அவருடைய வாயிலிருந்து ஒரு சாண் அல்லது ஒன்றரைச் சாண் தூரத்தில், மேஜை மேல் மடித்த துண்டை விரித்து அதன் மேல் வையுங்கள். துண்டு இல்லாவிட்டால் மேஜை தட்டும் ஒவ்வொரு சத்தமும் இடி மாதிரி பதியும். மின்விசிறியை நிறுத்துங்கள், அல்லது காற்று போன் மேல் படாமல் திருப்புங்கள். பதிவின் தொடக்கத்தில் தேதி, இடம், பேசுபவர் பெயர் மூன்றையும் வாயால் சொல்லிவிடுங்கள். கோப்பின் பெயர் மாறிப்போனாலும் இது மாறாது. அன்றே இரண்டு இடத்தில் நகல் எடுங்கள், அதில் ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.

கேள்வி: மரத்தின் உச்சியில் இருந்தது வெள்ளி நட்சத்திரம் என்கிறேன் நான், சிவப்பு என்கிறாள் தங்கை. யார் சொல்வது சரி?

படம் கிடைக்கும்வரை இரண்டையும் எழுதி வையுங்கள். பெரும்பாலோருக்கு மூன்று மூன்றரை வயதுக்கு முன் நடந்தது எதுவும் நினைவில் நிற்பதில்லை. நிற்பதும் ஒவ்வொரு முறை நினைக்கும்போது புதிதாகக் கட்டப்படுகிறது. வேறு வருடத்துப் பண்டிகை, பிறகு பார்த்த படம், மற்றவர் சொன்னது எல்லாம் அதில் கலந்துவிடும். எவ்வளவு உறுதியாகத் தோன்றுகிறது என்பது சரியா தவறா என்பதற்கு அத்தாட்சி ஆகாது. அதனால் குடும்ப நினைவுகளைத் தொகுப்பவர்கள் ஒரு விதியைப் பிடித்துக்கொள்ள வேண்டும்: சேர்ந்து பேசுவதற்கு முன் ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதட்டும். முதலில் பேசிவிட்டால் குரல் உயர்ந்தவரின் நினைவே எல்லோர் நினைவும் ஆகிவிடும்.

கேள்வி: இயேசு பிறந்த தொழுவத்தைக் காட்டும் குடில் வைக்கும் வழக்கம் எப்போது தொடங்கியது? பிள்ளைகளை இதில் எப்படி ஈடுபடுத்துவது?

1223இல் இத்தாலியின் கிரெச்சோவில் புனித பிரான்சிஸ் வைக்கோலும் உயிருள்ள மாடும் கழுதையுமாக அமைத்தது புகழ்பெற்றது. குடில் பரவியது அதன் பிறகுதான். பிள்ளைகளுக்கு ஒரே நாளில் எல்லாவற்றையும் அடுக்கிக் கொடுக்காதீர்கள். குழந்தை இயேசுவைக் கிடத்தும் தீவனத் தொட்டி டிசம்பர் 24 இரவு வரை காலியாக இருக்கட்டும். ஞானிகள் மூவரையும் அறையின் மறுகோடியில் வைத்து, தினம் ஒரு சாண் நகர்த்தச் சொல்லுங்கள். ஜனவரி 6 அன்று அவர்கள் குடிலுக்கு வந்து சேர வேண்டும். இடையில் யார் நகர்த்துவது என்று சண்டை வரும், முறை போட்டு எழுதி ஒட்டிவிடுங்கள்.

கேள்வி: அம்மாவின் காலத்துக் கண்ணாடி உருண்டைகளைத் தண்ணீரில் கழுவினேன். ஒன்றில் பூவேலை அப்படியே கரைந்துவிட்டது. மீதியை எப்படிச் சுத்தம் செய்வது?

தண்ணீர், கண்ணாடி துடைக்கும் திரவம் இரண்டும் வேண்டாம். அந்த உருண்டைகளில் வெள்ளிப் பூச்சு உள்பக்கம் இருக்கும். மூடி வழியாக ஈரம் போனால் கறுத்துவிடும். வெளியே உள்ள சாயம் பெரும்பாலும் தண்ணீரில் கரையக்கூடியது. மென்மையான, உலர்ந்த ஓவியத் தூரிகையால் தூசியைத் தட்டினால் போதும், பளபளப்பைத் தேடாதீர்கள். எடுக்கும்போது மேலே உள்ள உலோக மூடியைப் பிடித்துத் தூக்காமல் உருண்டையைக் கீழிருந்து தாங்கி எடுங்கள். உள்ளே விரிந்து நிற்கும் கம்பி தளர்ந்திருந்தால் மூடி கையோடு வரும், உருண்டை தரைக்குப் போகும்.

செய்தித்தாளில் சுற்ற வேண்டாம், மை ஒட்டும். குமிழ் பிளாஸ்டிக்கும் நேராகப் படக் கூடாது. வெயில் காலத்தில் பரண் சூட்டில் சாயத்தோடு ஒட்டிக்கொள்ளும். துவைத்த வெள்ளைப் பருத்தித் துணி அல்லது அமிலமில்லாத மெல்லிய தாள் நல்லது. பெட்டியைப் பரணில் வைக்காமல் அலமாரியின் அடித்தட்டில் வையுங்கள். ஒவ்வொன்றோடும் ஒரு துண்டுத் தாளில், யார் கொடுத்தது, எந்த வருடம் என்று பென்சிலால் எழுதிப் போடுங்கள். பால்பாயின்ட் பேனா வேண்டாம், மை பரவும்.

கேள்வி: பழைய சீரியல் விளக்குச் சரத்தில் பாதி எரியவில்லை. எரியாத பல்பைக் கண்டுபிடிப்பது எப்படி?

பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தொடங்குங்கள். பழைய இழை பல்பு என்றால், பெரும்பாலான சரங்களில் ஒவ்வொரு பல்புக்குள்ளும் ஒரு மாற்றுக் கம்பி இருக்கும். இழை அறுந்தால் மின்சாரம் அந்தக் கம்பி வழியாகப் போய் மற்றவை எரியும். ஆனால் ஒரு பல்பு தளர்ந்து துளையைத் தொடாமல் நின்றால் அந்தக் கம்பியும் உதவாது, அந்த வரிசையே இருண்டுவிடும். எனவே பல்பை மாற்றுவதற்கு முன் இருண்ட பகுதியில் ஒவ்வொன்றையும் அழுத்திப் பாருங்கள். பிறகு ஒவ்வொன்றாக வெளியே எடுத்து அடியில் உள்ள இரண்டு மெல்லிய கம்பிக் கால்களைப் பாருங்கள். மடங்கியோ துருப்பிடித்தோ இருக்கும். நேராக்கி, நன்றாக எரியும் பகுதியிலிருந்து ஒரு பல்பைக் கழற்றி ஒவ்வொரு துளையிலும் போட்டுச் சோதியுங்கள். மாற்றும் பல்பு அதே வோல்டேஜ் உடையதாக இருக்க வேண்டும்.

அணைந்த ஒன்றிரண்டை அப்படியே விட்டுவைக்கவும் கூடாது. அவற்றின் பங்கு வோல்டேஜை மீதி பல்புகள் சேர்த்துச் சுமக்கின்றன, அதனால் ஒன்றன்பின் ஒன்றாக வேகமாகப் போகும். ஒயரின் மேல்தோல் வெடித்து உள்ளே செம்பு தெரிந்தாலோ, பிளக் சூடானாலோ, எவ்வளவு பழைய நினைவு இருந்தாலும் அந்தச் சரத்தை மின்சாரத்தில் செருக வேண்டாம். பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள், மரத்துக்குப் புது எல்இடி சரம் போடுங்கள்.